மணி அடிக்கும் முன்பே வந்த முடிவு

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் ஊர்ச் சங்கத் தேர்தலில் கடைத்தெரு ஜவுளி முதலாளி தலைவரானார்.

2. அவருடைய கடைச் சிப்பந்திகள் கடைசி நேரத்தில் கூட்டமாகச் சங்கத்தில் சேர்ந்து ஓட்டுப் போட்டது எப்படி என்று எங்கள் வாரப் பத்திரிகை கேட்டது.

3. அவர் பதில் சொல்லவில்லை. தம் கடை விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்.

4. அதே கேள்வியை மறுபடியும் கேட்பது என்று ஆசிரியர் முடிவு செய்தார்.

5. அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம், முதலாளிக்குப் பங்கு இருந்த கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டை. மேடை ஏறவிருந்தவன் என் தோழியின் தம்பி.

6. சண்டைக்கு மணி அடிக்கும் முன்பே, அவன் தோற்றுவிட்டான் என்ற செய்தி எங்கள் எழுத்தில், எங்கள் தாளில் ஊருக்குள் போய்விட்டது.

ஆறாவதை ஒரு வரியில் சொன்னால் யாருக்கும் புரியாது. அதற்கு எங்கள் வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

பினாங்கில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால் எங்கள் அச்சுக்கூடம். எழுதுவதும் மிதி இயந்திரத்தை மிதிப்பதும் ஆசிரியர். எழுத்துக் கோப்பது நான். மிஷன் பெண்கள் இல்லத்தின் அச்சகத்தில் அதைத்தான் கற்றுக்கொண்டேன். என் தோழி வாரநாட்களில் பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பிழை பார்ப்பாள். பத்திரிகை என்பது இந்த மூன்று பேர்தான். எங்களுக்குப் பின்னால் எந்தக் கட்சியும் கிடையாது, எந்த முதலாளியும் கிடையாது. தலைப்புக்குக் கீழே ஒவ்வொரு வாரமும் ஒரு வரி வரும்: "கண்ணால் கண்டதையே எழுதுவோம்." ஆசிரியருக்கு அந்த வரியின் மேல் தனிப் பிரியம். அதில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தாலும் மாற்றச் சொல்வார்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஞாயிறு காலை முதல் பெர்ரிப் படகில் பத்திரிகைக் கட்டு ஏறினால்தான் அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்து ரப்பர் தோட்டங்களுக்குப் போய்ச் சேரும். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் இருந்தார்கள். ஊரில் முக்கியமானது எதுவும் சனிக்கிழமை மாலையில்தான் நடக்கும். முடிவு தெரிந்த பிறகு கோக்க ஆரம்பித்தால் என் இரண்டு கை போதாது. எனவே முடிவை இரண்டு விதமாகவும் முன்கூட்டியே கோத்து வைப்போம். வென்றார் என்று ஒன்று, தோற்றார் என்று ஒன்று. முடிவு தெரிந்ததும் ஒன்றை அடிப்போம். மற்றதன் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவேன். தெரியாத விவரத்துக்கு இடம் விட, எழுத்துகளைத் தலைகீழாகச் செருகுவோம். அவற்றின் அடிக்கட்டை மட்டும் சரிபார்க்கும் தாளில் கறுப்புக் கட்டங்களாக விழும். எல்லா அச்சுக்கூடங்களிலும் உள்ள வழக்கம்தான் அது. வெளியாட்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சங்கத் தேர்தலுக்கும் அப்படித்தான் இரண்டு கோத்தேன்.

இனி தோழியின் தம்பி. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவனாக ஆவதற்காக அந்த வேலையை விட்டான். அந்தத் தொழிலில் தோற்பது பெரிய குற்றமில்லை. நன்றாகச் சண்டை போட்டுத் தோற்றவனை மறுபடியும் கூப்பிடுவார்கள். விலைக்குத் தோற்றான் என்று பேச்சு வந்துவிட்டால் கதை வேறு. ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எந்த மேடையும் அவனை ஏற்றாது. துறைமுகத்திலும் அவன் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். எடை பார்க்கும்வரை வாயில் ஒன்றும் போடக்கூடாது என்பதால் எங்கள் காப்பிக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, தேர்தல்தான் முடிஞ்சு போச்சே. அவரு தலைவரு. இனிமே என்ன கேள்வி?" என்றான் ஆசிரியரிடம்.

"முடிஞ்ச பிறகு கேக்கறதுதான்டா கேள்வி. முன்னாடி கேட்டா அது பிரசாரம்."

"அப்ப அடுத்த வாரம் கேளுங்களேன். இன்னைக்கு அவரு மேடையில நான் ஏறணும்லா."

"உன் சண்டை வேற, என் பத்திரிகை வேற."

தோழி தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அது எப்பிடிண்ணே வேறயாகும்? குத்தறது நீங்க, வாங்கறது அவன்."

"அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"மூடச் சொல்லல. முழுசாத் திறங்கன்னு சொல்றேன். ஜவுளிக் கடைக்காரரு சிப்பந்திகளைக் கூட்டிட்டு வந்தாரு, எழுதினீங்க. எதுத்து நின்னவரு தோட்டத்துலேருந்து லாரி வெச்சு ஆளு கொண்டாந்தாரே, அதை ஏன் எழுதல?"

"அவருதான் தோத்துட்டாரே."

"தோத்தவங்களுக்குக் கேள்வி கிடையாதா? நல்ல சட்டம்."

தம்பி கையைத் தட்டினான். "இந்தச் சுத்து அக்காவுக்கு!"

ஆசிரியர் மிதி இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டுத் தாளை என் மேஜையில் வைத்தார். கேள்வியின் கடைசியில் லாரி விஷயமும் சேர்ந்திருந்தது. தோழி அதைப் படித்துவிட்டுத் தன் தாளுக்குத் திரும்பினாள்.

அதற்குள் சண்டைச் செய்தியின் இரண்டு தாள்களும் பிழை பார்க்க வந்துவிட்டன. தம்பி எழுந்து வந்து ஒன்றை எடுத்து உரக்கப் படித்தான். "'மணிலா வீரரின் தாக்குதலைத் தாங்க முடியாமல் நம் ஊர் வீரர்' — கறுப்பு, கறுப்பு — 'சுற்றில் வீழ்ந்தார்.' ஏன்க்கா, எந்தச் சுத்துல விழறேன்னு மட்டும் சொல்லிருங்க. அந்த இடத்துல ஒரு பாயை விரிச்சு வெச்சுக்கறேன்."

"இன்னொண்ணுல நீ ஜெயிக்கிற. அதைப் படி," என்றேன்.

"அதுலயும் கறுப்புத்தான் இருக்கு."

தோழிக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பிழைகளைக் குறித்துக் கொடுத்தாள். நான் எழுத்துகளைத் திருத்தினேன். திருத்தி முடித்த தாளுக்கு எங்களிடம் வேலை இல்லை. வழக்கம்போல இரண்டும் கூடைக்குப் போயின.

அந்தக் கூடை கச்சாங் பூத்தேக்காரருடையது. தலையில் தட்டு வைத்துக் கடலையும் பட்டாணியும் விற்கிறவர். சனிக்கிழமை மத்தியானம் பூங்கா வாசலுக்குப் போகும் வழியில் எங்கள் கழிவுத் தாள்களை அள்ளிக்கொள்வார். பதிலுக்கு ஆளுக்கொரு சுருள் பட்டாணி கொடுப்பார். கூடையில் இருப்பது எப்போதும் சாம்பிராணி விளம்பரமும் கப்பல் புறப்படும் விவரமும்தான். தேர்தல் சனிக்கிழமையன்று நல்ல மழை. அவர் வரவில்லை. அன்று வந்திருந்தால் எங்களுக்கு முன்பே புத்தி வந்திருக்கும்.

"தங்கச்சி, இன்னைக்குத் தாள் நிறைய இருக்கே," என்று சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனார். தம்பி எடை பார்க்கப் போனான். நாங்கள் பட்டாணி தின்றோம்.

வெயில் தணியும் நேரத்தில் தலைவர் வந்தார். சந்துக்குள் கார் நுழையாது என்பதால் நடந்து வந்திருந்தார். கூட யாரும் இல்லை. அவர் எங்கள் அச்சுக்கூடத்துக்குள் வந்தது அதுவே முதல் தடவை. ஆசிரியர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். தலைவர் உட்காரவில்லை.

"தம்பி, சண்டை சாயங்காலம்தானே?"

"ஆமா, தலைவரே."

"கடலை தின்னவனுக்கெல்லாம் மத்தியானமே முடிஞ்சு போச்சு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து, கசங்கலை நீவி, எழுத்துப் பெட்டியின் மேல் விரித்தார். உப்பும் எண்ணெயும் படிந்த தாளில் 'சுற்றில் வீழ்ந்தார்' என்பது தெளிவாகத் தெரிந்தது. தோழி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கறுப்பு என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"எந்தச் சுத்துன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. அதனால எழுத்தைத் தலைகீழா வெச்சிருக்கோம். ஜெயிச்சதா இன்னொண்ணும் கோத்திருக்கோம்."

"நீ சொன்னா நான் நம்பறேன். ஜெயிச்ச தாள் யாரு கையிலயும் வரல. வாசல்ல நிக்கிறவன் வேற சொல்றான். சுத்து தெரிஞ்சுதான் மை பூசி மறைச்சிருக்காங்கன்னு. பந்தயம் கட்டினவன் திருப்பிக் கேக்கறான். எனக்கு ஆகாத பத்திரிகை, அதுல இந்தப் பையன் தினமும் வந்து உக்காந்திருக்கான், என் மேடையைக் கெடுக்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க — கதை அப்பிடிப் போகுது."

"பொய்," என்றார் ஆசிரியர்.

"பொய்தான். நான் மேடையில ஏறி, 'இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அடங்கிரும். இப்பத்தான் எனக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க. கேப்பாங்க."

"சொல்லுங்க, தலைவரே."

"சொல்றேன். நாளைக்கு அந்தக் கேள்வி வரக்கூடாது. அடுத்த மாசத்துலேருந்து இது சங்கத்துப் பத்திரிகையா வரட்டும். காகிதம், விளம்பரம் எல்லாம் என்னைச் சேர்ந்தது. நீயே ஆசிரியரா இரு, யாரு வேணாங்கறா? யோசிச்சு ஆள் அனுப்பு."

குரலை உயர்த்தாமல் பேசினார். சுருளை மறுபடி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. பிறகு தோழிதான் ஆரம்பித்தாள்.

"சரின்னு சொல்லி அனுப்புங்கண்ணே."

"முடியாது."

"உங்க கேள்வியை அடுத்த வருஷம்கூடக் கேக்கலாம். அவனுக்கு இன்னைக்கு விட்டா வேற நாள் இல்ல."

"இன்னைக்கு வாயை மூடினா அடுத்த வருஷம் கேக்கறதுக்குப் பத்திரிகை இருக்காது. அவரோட நோட்டீஸ்தான் இருக்கும்."

"நம்ம கூடையிலேருந்துதானே போச்சு? தாளும் நம்மளுது, எழுத்தும் நம்மளுது. அதுக்கு அவன் அழியணுமா?"

எனக்குக் கலவரமான நேரத்தில் வரிசை போட்டால்தான் யோசனை ஓடும். ஒன்று, தலைவர் சொன்னபடி செய்வது. தம்பி பிழைப்பான், பத்திரிகை போய்விடும். இரண்டு, சும்மா இருப்பது. பத்திரிகை பிழைக்கும், தம்பி போவான். மூன்றாவது ஒன்று இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

"கோத்த ரெண்டு பாரமும் சட்டத்துல அப்பிடியே பூட்டித்தான் இருக்கு," என்றேன். "ஜெயிச்சது, தோத்தது ரெண்டையும் பெரிய தாள்ல பக்கத்துப் பக்கத்துல அடிச்சு, பூங்கா வாசல்ல ஒட்டிருவோம். கறுப்பு எதுக்குன்னும் கீழ எழுதிருவோம்."

ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. "ஒட்டினா அதுக்கு அர்த்தம் என்னன்னு தெரியுமா, தங்கச்சி? நடக்கறதுக்கு முன்னாடியே எழுதறவங்கன்னு நாமளே பலகை மாட்டிக்கிற மாதிரி. கண்ணால் கண்டதையேன்னு போட்டுட்டு!"

"எழுதறோம்தானே, அண்ணே."

"தேர்தலுக்கும் எழுதினியான்னு கேப்பான்."

"எழுதினோம்தானே."

அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த வரி. விளம்பரம் போனபோதும், காகிதக்காரன் வாசலில் வந்து நின்றபோதும் அதைக் காட்டித்தான் எங்களையும் தம்மையும் தேற்றிக்கொண்டார். அதை அவர் கையாலேயே பூங்கா வாசலில் கிழிக்கச் சொல்கிறோம் என்பது எனக்கும் தெரிந்தது, தோழிக்கும் தெரிந்தது. அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் போயி அந்த வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்றேன்," என்றாள்.

அப்போது தம்பி வந்துவிட்டான். எடை சரியாக இருந்ததாம். வழியிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ராஜா தெரு முனையில் யாரோ, "எவ்வளவு வாங்கின?" என்று கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது.

தலைவர் வந்துபோனதைச் சொன்னோம். என் யோசனையையும் சொன்னோம். அவன் ஆசிரியரைப் பார்த்தான்.

"அண்ணே, அவரு எனக்குப் பொறுப்பேத்துக்க வேணாம். நாளைக்கு அவரு சொல்ற சுத்துல விழச் சொல்லுவாரு. ரெண்டையும் ஒட்டுங்க. ஒட்டலைன்னாலும் நான் ஏறத்தான் போறேன்."

ஆசிரியர் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மிதிப் பலகையில் காலை வைத்து, "தாளை ஏத்து, தங்கச்சி," என்றார்.

பூங்கா வாசலில் கூட்டம் எங்களுக்கு முன்பே கூடியிருந்தது. கச்சாங் பூத்தேக்காரர் தட்டை இறக்கி வைத்துவிட்டு வியர்வையோடு நின்றார். "என்ன தாள்மா குடுத்த? கடலையை விட்டுட்டுத் தாளைக் கேக்கறானுங்க!" என்றார். ஆசிரியர் பசை தடவ, நான் ஒட்டினேன். தோழி பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு விளக்கினாள். இடப்பக்கம் வெற்றி, வலப்பக்கம் தோல்வி, இரண்டிலும் ஒரே இடத்தில் கறுப்புக் கட்டம்.

படித்தவர்கள் படிக்காதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"அப்ப நாளைக்கு மழை பேஞ்சதுன்னு ஒண்ணு, பேயலன்னு ஒண்ணு போடுவீங்களா?"

"கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தா கருமாதிக்கும் சேத்து அடிச்சுருவாங்கடா!"

பின்னாலிருந்து ஒருவர், நாங்கள் பயந்துகொண்டிருந்த அதையே கேட்டார். "ஏன்யா, சங்கத் தேர்தலுக்கும் இப்பிடித்தானா? தோத்தவரு ஜெயிச்சதா எழுதி வெச்சிருந்தீங்களா?"

ஆசிரியர் திரும்பினார். கையில் பசை வழிந்தது. "ஆமா. வெச்சிருந்தோம்," என்றார்.

"கண்ணால கண்டதையே!" என்று யாரோ கூவினார்கள். நல்ல கைதட்டல். அதற்குப் பிறகு, தம்பியைப் பற்றிய பேச்சு குறைந்தது. எங்களைப் பற்றியதுதான் அதிகம். நான் வேண்டியதும் அதுதான் என்றாலும், ஆசிரியரின் பிடரி சிவந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. தலைவர் உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மேடையில் ஏறி அவர் எந்த வார்த்தையும் சொல்லவில்லை.

சண்டை பார்க்க நாங்கள் இரண்டு பெண்களும் உள்ளே போகவில்லை. தோழியின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிலேட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். ஆசிரியர் வந்து படிக்கட்டில் நின்றார்.

"தோத்துட்டான்," என்றார்.

தோழி சிலேட்டைக் கீழே வைத்தாள். "எந்தச் சுத்துல?" என்று நான்தான் கேட்டேன். கறுப்புக் கட்டம் கண்ணில் நின்றது.

"எந்தச் சுத்துலயும் விழல. கடைசி மணி வரைக்கும் நின்னான். ஒரு கண்ணு மூடிப் போச்சு, ஒதடு கிழிஞ்சு போச்சு, நின்னான். புள்ளியிலதான் மணிலாக்காரரு ஜெயிச்சாரு. காசு வாங்கினவன் அப்பிடி நிக்க மாட்டான்னு பக்கத்துல ஒரு ஆளு சொன்னாரு. எல்லாருமா சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்."

நாங்கள் கோத்து வைத்திருந்த இரண்டில் ஒன்றும் உதவாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வென்றார் என்பதும் பொய், வீழ்ந்தார் என்பதும் பொய்.

"முதல் பெர்ரிக்குக் கட்டு?" என்றேன்.

"பெர்ரி போனாப் போகட்டும். விடிஞ்சு வா," என்றார்.

விடிந்ததும் இரண்டு பாரங்களையும் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டேன். ஆசிரியர் தாம் பார்த்ததை நின்றுகொண்டே சொன்னார், நான் கேட்டுக் கேட்டுக் கோத்தேன். தோழி வந்தாள். பிழை பார்த்தாள். கேள்வி அதன் இடத்தில் இருந்தது, லாரியும் சேர்த்து. முதல் பெர்ரி ஊதியது எங்களுக்குக் கேட்டது. அடுத்த பெர்ரியும் போயிற்று. தோட்டத்துக் கட்டு அன்று ரயிலைப் பிடிக்கவில்லை.

இப்போது நிலைமை இது. தலைவர் தலைவராகவே இருக்கிறார். கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எதிர்த்து நின்றவரும் லாரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரு தரப்பும் எங்களோடு பேசுவதில்லை. தோட்டத்துச் சந்தாதாரர்களில் பலர் நின்றுவிட்டார்கள். சிலர் தாமதமானாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பத்திரிகை திங்கட்கிழமை வருகிறது, ஒரே ஒரு முடிவோடு. தலைப்புக்குக் கீழே இருந்த வரியை ஆசிரியர் எடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போகிறது. கூடையைத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் கச்சாங் பூத்தேக்காரர் எடுக்கலாம். தோழி சனிக்கிழமைகளில் வருகிறாள். அன்றிலிருந்து ஆசிரியரிடம் நேரே பேசாமல், சொல்ல வேண்டியதை இன்னும் என்னிடம்தான் சொல்கிறாள். பினாங்கில் தம்பியை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு சண்டை கிடைத்திருக்கிறது. அதற்கு நான் இதுவரை ஒன்றும் கோக்கவில்லை.